பிளவக்கல்லில் இறங்கி வந்த கதிர்க்குருவி

மார்ச் கடைசி வாரம். ராஜபாளையத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்புப் பேருந்துக்கு மாறினோம். கண்புரை அறுவைக்குப் பிறகு என் மனைவி ஜெயா வருகிற முதல் பறவைப் பயணம் இது.

கதிர்க்குருவி கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். குளிர்காலத்துக்கு வடக்கே இமயமலைப் பக்கமிருந்து வந்து, வெயில் ஏறியதும் திரும்பிவிடும். நிறம் இலையின் நிறம். ஓரிடத்தில் நிற்காது. ஜெயா பல வருடங்களாக அதன் குரலை மட்டுமே அறிந்தவள். இந்த வாரம் தவறினால் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். இன்றைக்குக் காட்டிவிடுவேன் என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன்.

வத்திராயிருப்பில் ரபீக்கின் ஆட்டோ கிடைத்தது. கூமாப்பட்டியைத் தாண்டியதும் மலை நெருங்கி வந்தது.

"டேம்ல தண்ணி பாக்கத்தான் ஆளு வரும். நீங்க குருவி பாக்கவா வாரீய?" என்று சிரித்தார் ரபீக். "பாருங்க அண்ணாச்சி. நான் கான்சாபுரத்துக்கு ஒரு சவாரி விட்டுட்டு வாரேன்."

எட்டு மணிக்குப் பிளவக்கல் அணைக்குக் கீழே, ஆற்றோரப் பூங்காவில் நின்றோம். மாம்பழச் சிட்டும் மீன்கொத்தியும் எளிதாகக் கிடைத்தன. புங்கமரத்திலிருந்து "ச்சிலிப்" என்ற குரல் வந்ததும் ஜெயா என் கையைப் பிடித்தாள்.

"அதுதான்."

பைனாகுலரை அவளிடம் கொடுத்து, கிளை கிளையாக வழி சொன்னேன். காற்று எழுந்து மரம் முழுக்க அசைந்தது. வெகுநேரம் பார்த்தாள். பைனாகுலரை இறக்கியபோது கண் கலங்கியிருந்தது.

"இலைதாங்க தெரியுது. எம்புட்டு தெளிவா தெரியுது! ஆனா இலைதான்."

அந்த நேரம் பூங்காவில் வேலை செய்யும் அம்மா ஒருவர் ரப்பர் குழாயோடு வந்தார்.

"அக்கா, நனைஞ்சிராம செத்த தள்ளி நில்லுங்க."

மரத்தடிப் புதர்களில் தண்ணீரை விசிறிவிட்டு அவர் நகர்ந்தார். இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. கிளம்பலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"அசையாதீங்க" என்றாள் ஜெயா. பைனாகுலர் அவள் கழுத்தில் சும்மா தொங்கியது. "கீழ வந்திருக்கு. ஈர இலையில உருளுது பாருங்க, குளிக்குது! ஐயோ, புருவம் வச்சிருக்கே. மஞ்சள் கலந்த வெள்ளைப் புருவம்!"

"எங்கட்டி?"

"அந்தா, வளைஞ்ச குச்சிக்கு எடப்பக்கம். இப்ப மேல. ப்ச், போயிருச்சு."

அவள் விரல் காட்டிய இடத்தில் எனக்கு இலைகள்தான் தெரிந்தன.

ரபீக் வந்து கேட்டபோது அவள் இரண்டு கையாலும் அதன் அளவைக் காட்டி, கூமாப்பட்டி வரை விவரித்தாள். எங்கள் வீட்டு வேப்பமரத்திலும் பனிக்காலமெல்லாம் அந்தக் குரல் கேட்கும்; வீட்டில் நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புருவத்தின் நிறம், குளித்த விதம் என்று மேலே எழுதியதெல்லாம் ஜெயா சொன்னது. அன்று அந்தப் பறவையை நான் பார்க்கவே இல்லை.