குதிரைப் பல்லோடு திருவனந்தபுரத்துக்கு

1987 மாசி மாதம் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊர் பார்க்கப் போகவில்லை, பயத்தில் போனேன்.

அவர் அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கழுவித் துடைக்கிற வேலை பார்த்தார். மண்ணுக்குள் கிடந்த பழங்காலக் குதிரைகளின் பற்கள் வரும். சேறு போகக் கழுவிக் கொடுப்பார். உடைந்ததென்று ஒதுக்கிய ஒன்றை மகள் செல்விக்கு விளையாடக் கொண்டுவந்தார். பிறகு மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோயிற்று.

துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "அங்க ஐசோடோப்பு பாக்காவளாமே, அது அணுல்லா? காமாலைன்னு சும்மா சொல்லுவாவ" என்றாள். அந்த வாரமே செல்விக்கு முன்பல் ஆடியது. ஐந்து வயதுதான். குதிரைப் பல்லை அவள் வாயில் வைத்துக் கடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பல்லை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, துணி சுற்றிக் கட்டினேன். செல்வியோடு காலை ஆறு மணி பஸ் ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. மார்த்தாண்டம் தாண்டியதும் நெரிசல். சம்படத்தைக் காலடியில் வைத்து, பிள்ளையை மறுபக்கம் தள்ளி உட்காரவைத்தேன். பக்கத்துப் பெண் அதன்மேல் கால் வைத்தபோது வெடுக்கென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

"எந்தா சேச்சி, உள்ள பாம்பா?"

"குதிரைக்க பல்லு."

"குதிரை செத்ததுகொண்டா ஆட்டோ விளிச்சது? சரி, கேறிக்கோ."

பழவங்காடியில் நிறுத்தச் சொல்லி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க இறங்கினேன். எலும்புச் சாமானோடு எப்படிப் போவது என்று சம்படத்தைச் சீட்டில் வைத்தேன். சிரித்த மனிதர் பதறிவிட்டார். "அய்யோ, அத இங்க வைக்கண்டா!" அவரும் பயந்ததில் என் பயம் இரட்டித்தது. வெளியிலேயே நின்று கும்பிட்டேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும், கரமனைப் பக்கத்துத் தமிழ் அம்மா ஒருவர் வந்தார். நான் யாரென்றும் எதற்கு வந்தேனென்றும் சொல்லிக் கட்டை நீட்டினேன். அவர் வாங்கி அவிழ்த்து, பல்லை வெறுங்கையில் எடுத்தார்.

"பயப்படாதேங்கோ. ஐசோடோப்புன்னா எல்லாமே கதிர் வீசாது. இதுலே நாங்க பாக்கறது தண்ணியிலயும் புல்லுலயும் இருக்கறதுதான். குதிரை குட்டியா இருக்கறச்சே தின்னது, குடிச்சது பல்லுலே தங்கிடும். எடம் மாறினா அதுவும் மாறும். எங்கே மேஞ்சது, எங்கேர்ந்து நடந்து வந்ததுன்னு அதை வச்சுப் பாக்கறோம்."

"அப்ப அவரு?"

"காமாலைதாம்மா. ஆஸ்பத்திரிலே டாக்டர் சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

"பிள்ளைக்குப் பல்லு ஆடுகே?"

செல்வியின் வாயைத் திறந்து பார்த்தார். "கீழே புதுப்பல் முட்டறது. சிலதுகளுக்குச் சீக்கிரமே விழும். இது உங்க வயத்துல இருக்கறச்சே உண்டாக ஆரம்பிச்ச பல்லு. நீங்க அப்போ குடிச்ச தண்ணி இதுலேயும் இருக்கு."

அந்த மாதங்களில் குடம் தூக்கக் கூடாதென்று டாக்டரம்மா சொன்னதால், கிணற்றுத் தண்ணீர் முழுக்க என் வீட்டுக்காரர் கோரிச் சுமந்தது.

குதிரைப் பல்லை அங்கேயே கொடுத்துவிட்டேன். இதேபோல் கேள்வியோடு போகிறவர்கள் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். மத்தியானத்துக்குமேல் அதிகாரிகள் கிடைப்பதில்லை. பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொள்ளுங்கள். ஊரார் சொன்னதை வைத்துக்கொண்டு வீட்டில் நடுங்காமல், அறிந்தவர்களிடம் நேரே கேளுங்கள்.

திரும்பும்போது களியக்காவிளையில் செல்வியின் பல் விழுந்தது. "கூரையில எறியணும்லாம்மா? அப்பதான முளைக்கும்" என்று கை நீட்டினாள்.

"அது ஏற்கெனவே முளைச்சாச்சு மக்களே" என்றேன். பல்லை அந்தச் சம்படத்தில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.