வாளி தூக்கிய வீரன்

நான் பொய் சொன்னதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதுவும் சின்னப் பொய் இல்லை. பாடசாலைக் காலத்தில் கரப்பந்தாட்ட அணியின் நட்சத்திரமே நான்தான் என்று, அறுபத்தாறு வயதில், வெட்கமில்லாமல் அவிழ்த்துவிட்ட பொய்.

இது தொடங்கியது இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிளிநொச்சியில். அலுவலகத்தில் கோப்பு எழுதும் இலிகிதர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் என் முழுநேரத் தொழில் நாள் முழுக்க உட்கார்ந்து கதிரையைத் தேய்ப்பதுதான். பிள்ளைகள் வெளிநாட்டில். கதைக்க ஆளில்லாமல் குசினி வாசலில் நின்று சமையலுக்குக் குறை சொல்லத் தொடங்கினேன். மனைவி அகப்பையை நீட்டி, "எங்கையாவது போய் விளையாடுங்கோவன்!" என்று கத்தினாள். நானும் போனேன்.

குளத்துக்குப் போகும் வழியில் ஒரு வெறுங்காணியில் பென்சன்காரர்கள் பின்னேரங்களில் கரப்பந்து ஆடுவார்கள். முல்லைத்தீவில் இருந்து கொண்டுவந்த பழைய மீன்வலைதான் வலை. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கருவாட்டு மணம் வரும். நடுவர், விளையாட்டுக் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர். ஒருவர் மகளோடு இருக்கக் கனடா போய்விட்டதால் பதினொரு பேர்தான் மிச்சம். பக்கத்துக்கு ஆறு பேர் சேரவில்லை. என்னைக் கண்டதும் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

"முந்தி விளையாடினனீங்களோ?" என்று ரீச்சர் கேட்டார். அங்கேதான் என் நாக்கு சறுக்கியது.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பொய் சொல்வது மிகவும் இலகு. சான்றிதழ், கேடயம், படம் எதையும் காட்டத் தேவையில்லை. "எல்லாம் சண்டையில இடம்பெயரேக்க போச்சு" என்றால் போதும். யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் எல்லாமும் அப்படித்தான் போயிருக்கிறது. என்னுடையவையும் உண்மையிலேயே போனவைதான். அவற்றில் கேடயம் மட்டும் இருக்கவில்லை. அந்த அணிக்குத் தண்ணீர் வாளி தூக்கியவன் நான்.

ஒரு வருடம் ராசா மாதிரி இருந்தேன். பந்தை வலைக்குள் அடித்துவிட்டு, "காத்து திரும்பிட்டுது" என்பேன். மற்றவர்களுக்குப் பாடம்கூட எடுத்தேன். ஆட்டம் முடிந்தால் தேத்தண்ணிக் கடையில் ஒரு மணித்தியாலக் கதை. யாருக்காவது பிரஷர் கூடினால் மிச்சப் பேர் முழுவதும் அவர் வீட்டு வாசலில் நிற்போம். மனைவியின் சமையல்கூட எனக்கு ருசிக்கத் தொடங்கியது.

ஒருநாள், எங்களோடு ஆடும் ஓய்வுபெற்ற பஸ் சாரதி குதித்துக்கொண்டு வந்தார்.

"ஐசே, லண்டனில இருக்கிற என்ர மச்சான் உம்மட பள்ளிக்கூடத்திலதானாம் படிச்சவன். உங்கட ரீம் படம் அவனிட்ட இருக்காம்! நாளைக்கு அனுப்புறானாம்."

அன்று தேத்தண்ணிக் கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் முழங்கால் வலி. அடுத்த நாளும் வலி. மூன்று நாள் வலது காலை நொண்டினேன். நாலாம் நாள் மறந்துபோய் இடது காலை நொண்டினேன். மனைவி பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர்கள் போனால் எனக்கு மறுபடியும் அந்தக் கதிரைதான்.

அன்று பின்னேரம் படலை திறந்தது. ரீச்சரும் சாரதியும். சாரதியின் கையில், லண்டனில் இருந்து வந்ததைப் பிரதி எடுத்துச் சட்டம் போட்ட ஒரு படம். இனித் தப்ப வழியில்லை.

"நான் ரீமில விளையாடினதே இல்லை, ரீச்சர். பொய் சொன்னனான்" என்றேன், நிலத்தைப் பார்த்தபடி.

"அது முதல் நாளே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பந்து அடிக்கிற ஆளை எந்த ரீமில எடுப்பினம்?" என்றார் ரீச்சர். "பதினொரு பேரை வைச்சு நான் என்ன செய்யிறது? நாலு நாளா விசில் சும்மா கிடக்குது."

சாரதி என் தோளில் தட்டினார். "அப்ப, முப்பது வரியமா ஒரு இடத்திலையும் முட்டாம பஸ் ஓடினனான் எண்டு நான் சொன்னது மட்டும் உண்மையே?"

படத்தை வாங்கிப் பார்த்தேன். கேடயத்தோடு நின்ற வரிசையின் ஓரத்தில், கையில் வாளியோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு மெலிந்த பொடியன். என் இளவயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சியிருக்கவில்லை. அந்த வயதில் என்னை மனைவி கண்டதே இல்லை. அவள் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "தலைமயிர் இருந்திருக்கு" என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. வரிசையில் நின்றவர்களில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்று நான் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பின்னேரம் நாலரைக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். ஆட்டமே தெரியாத ஒருவனுக்காக ஆட்டத்தை நிறுத்திவைத்துக் காத்திருக்க ஆட்கள் இருக்கிறார்கள். பொடியனுக்குக் கிடைக்காத இடம் கிழவனுக்குக் கிடைத்திருக்கிறது. இதை நினைத்தால் என் முழங்கால் உண்மையாக வலிக்கும்போதும் நடக்க முடிகிறது. அந்தத் தெம்பில் போன கிழமை ரீச்சரிடம், "இப்ப என்ர ஆட்டம் கொஞ்சம் திருந்திட்டுது, என்ன?" என்று கேட்டேன்.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இல்லை. சேர்விஸைப் போடுங்கோ."