ஒரே டிராக்டர், இரண்டு முனைகள்

எங்கள் மினி டிராக்டர் ஒரு வாரம் எனக்கு, மறு வாரம் என் தம்பிக்கு. பொதுக்கிணற்றில் தண்ணீருக்கு முறை வைப்பது போல டிராக்டருக்கும் முறை வைத்துக்கொண்டோம். சோமனூர் தாண்டி இருந்த அப்பாவின் நிலம் எங்கள் இருவருக்கும் பங்கானபோது, பிரிக்க முடியாமல் நின்றது அது ஒன்றுதான். பெண்கள் பெயரில் வாங்கினால் மானியம் கூடுதல் என்று அதற்கு முன்பே என் பெயரில் சேர்ந்து வாங்கிய வண்டி.

பெண்ணுக்கு எதற்குப் பங்கு என்று ஊரில் பலர் கேட்டார்கள். தம்பி கேட்கவில்லை. பத்திர ஆபீசில் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டான். நான்தான், “மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போடற கையெழுத்து எனக்கு வேண்டாம்டா” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவனுக்கு அன்று காய்ச்சல் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. அவன் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற இணைச்சீருக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா நான். மூன்று வருடமாக அவனும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

டிராக்டர் மட்டும் ஒழுங்காகப் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை இருவருக்கும் பொதுவான மோட்டார் ரூம் வாசலில் நிறுத்தி, சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். அடுத்த ஞாயிறு நானும் அப்படியே செய்வேன். டீசல் எவ்வளவு இருந்தது, டயரில் காற்று இருக்கிறதா என்பதிலிருந்து அவன் எப்படி இருக்கிறான் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொள்வேன். வண்டி கழுவாமல் வந்தால் அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று மனசு அடித்துக்கொள்ளும். வெளியில் சொல்ல மாட்டேன், அது வேறு விஷயம்.

போன வருடம் வண்டியின் பின்பக்கம் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. பின்னால் மாட்டுகிற டிப்பர் பெட்டியைத் தூக்கவும் கலப்பையைத் திருப்பவும் ஆயில் போகிற ரப்பர் பைப்பை டிராக்டரில் ஓர் இரும்புக் கப்ளிங்கில்தான் சொருக வேண்டும். டிராக்டரில் ஒரு பாதி இருக்கும். பைப்பின் முனையில் மறு பாதி இருக்கும். அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். டிராக்டரில் இருக்கிற பாதி பொது. பைப் முனை அவரவருடையது. அவனிடம் ஹைட்ராலிக் கலப்பை இருந்தது, என்னிடம் பழையதாக வாங்கிய டிப்பர்.

எருக்குப்பை ஏற்றிய டிப்பர் தூக்கி நிறுத்திய இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கும். கீழே மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. போர்வெல் பைப் இறக்கி இறக்கி, எது ஒழுகினாலும் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினால் தீர்ந்தது என்று நினைப்போம். நானும் சுற்றினேன். நிற்கவில்லை. அடுத்த முறை இன்னும் நான்கு சுற்று கூடுதலாகச் சுற்றினேன். தம்பி மண்ணோடு மண்ணாகப் பைப்பைச் சொருகுகிறான், சுத்தியால் தட்டுகிறான், என் வாரம் வருவதற்குள் வண்டியைப் பாழாக்கி அனுப்புகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் பவர்லூம் பார்க்கிறவர், தறிச் சத்தத்தில் பழகியவர். அவர் காதிலேயே உறைக்கிற அளவுக்குப் புலம்பினேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் தம்பி மனைவி வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அவுங்க ஒண்ணு சொல்லிட்டு வரச் சொன்னாங்க. வண்டியை வித்துப்போட்டு ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாமாங்க. இப்படி ஒழுகறதை வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் சங்கடந்தானுங்களே.”

டிராக்டர் போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், அது பெரிதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று இருக்காது. அவன் வண்டி டயரில் காற்றடித்திருக்கிறானா என்று பார்க்க எனக்கு எதுவும் இருக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன், அவ்வளவுதான். பயமாக இருந்தது. “ஒரு வாரம் பொறுக்கச் சொல்லு கண்ணு. நான் சரி பண்ணிக் குடுத்துடறேன்னு சொல்லு” என்றேன்.

மறுநாளே டிராக்டரில் இருந்த பாதியைக் கழற்றி, பழைய துணியில் சுற்றிக்கொண்டு காந்திபுரம் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹைட்ராலிக் சாமான் விற்கிற சின்னக் கடை ஒன்று. கடைக்காரர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வளைந்த ஊசி ஒன்றை விட்டு எதையோ நெம்பி எடுத்து மேசையில் வைத்தார். பிய்ந்துபோன ரப்பர் வளையம், ஓரிங் என்பார்கள். அதன் பின்னாலேயே வெள்ளையாகச் சிம்பு சிம்பாக என் டேப்.

“மரையில டேப் சுத்துனது யாருங்க?”

“நான்தானுங்க.”

“தண்ணி பைப்புக்குச் சுத்தற மாதிரி சுத்திப்போட்டீங்க அம்மணி. அது பிஞ்சு உள்ள போயி வால்வுல சிக்கியிருக்குது. பைப்பைக் கழட்டுனாலும் சொட்டும். இந்த ஓரிங் இருக்குது பாருங்க, இது இதுக்குண்டான அளவே இல்லீங்க. தடிசானதை யாரோ வேணும்னே போட்டிருக்காங்க.”

வேணும்னே என்ற வார்த்தை என் காதுக்கு அல்வா போல இருந்தது. பார்த்தாயா, அவன் வேலைதான் என்று உள்ளே ஒருத்தி துள்ளினாள். கடைக்காரர் அதற்குள் புதுக் கப்ளிங் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, “இதை மாத்துனா மட்டும் பத்தாதுங்க. இதுல சொருகற முனை எத்தனை இருக்குதோ அத்தனையும் கொண்டாங்க. அளந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்” என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். ஒழுகுகிற இடத்தை விரலால் தடவிப் பார்க்கக் கூடாதாம். அழுத்தத்தில் வருகிற ஆயில் ஊசி போலத் தோலுக்குள் இறங்கிவிடும், அட்டையைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் ஆறு மாதமாக விரலால்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

தம்பியின் முனை வேண்டுமென்றால் தம்பியிடம்தான் கேட்க வேண்டும். மூன்று வருடம் கழித்து அவன் களத்துக்குப் போனேன். வழியெல்லாம் வாய்க்குள் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன் என்பதை மறைக்கப் போவதில்லை. மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான். முன்நெற்றியில் நரைத்திருந்தது.

“கலப்பை பைப்போட முனை வேணும். கடையில அளக்கணுமாம்” என்றேன்.

உடனே ஸ்பேனரை எடுத்து வந்தான். கலப்பையின் பைப் முனைக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டி உறை போல மாட்டி, கம்பியால் கட்டி வைத்திருந்தான். உறையைக் கழற்றினால் உள்ளே முனை பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டு மண் இல்லை, சுத்தியல் பட்ட வடுவும் இல்லை. நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி அங்கேயே உபயோகமில்லாமல் போயின. என் டிப்பரின் முனையோ எப்போதும் தரையில்தான் கிடக்கும்.

மறுநாள் இரண்டு முனைகளையும் கடைக்காரர் வெர்னியர் வைத்து அளந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அவனுடையது சரியான அளவு. என்னுடையது ஒரு நூல் மெலிசு, வேறு ஏதோ ரகம்.

“கோளாறு இதுலதானுங்க. இந்த மெலிசு முனை பொருந்தணும்னுதான் யாரோ தடிசு ஓரிங் போட்டு வெச்சிருக்காங்க. நாலு நாளைக்குத் தாங்கும், அப்புறம் பிஞ்சு போயிரும்.”

புதுக் கப்ளிங்கோடு சரியான அளவில் ஒரு முனையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். சூலூர் வரும்வரை ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. ‘கப்ளிங் போயிருச்சு, மாத்திட்டேன்’ என்று சொல்லிவிட்டால் போதும். என் முனைதான் கோளாறு என்று யாருக்குத் தெரியப்போகிறது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் சொல்லலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

சாயங்காலம் மோட்டார் ரூம் வாசலில் அவனே காத்திருந்தான். புதுக் கப்ளிங்கை அவன் மாட்டினான், மரையில் டேப் இல்லாமல். இஞ்சின் அணைந்திருக்கும்போதே லீவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை இறக்கினான். நான் டிப்பர் பைப்பில் புது முனையை மாட்டி, துடைத்துச் சொருகினேன். ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. வண்டியை ஸ்டார்ட் செய்து டிப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டு, இருவரும் தள்ளி உட்கார்ந்து கீழே போட்டிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் ஆனது. டிப்பர் இறங்கவில்லை.

அவன் சைக்கிள் டியூப்பில் இன்னொரு துண்டு வெட்டி எனக்காகக் கொண்டு வந்திருந்தான். அதைக் கையில் வாங்கிய பிறகு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“கோளாறு என் பைப் முனையிலதான்டா இருந்துச்சு” என்றேன்.

“தெரியுமுங்கக்கா.”

“எப்ப இருந்து?”

“ஆறு மாசம் இருக்குமுங்க. ஒரு நாள் உங்க டிப்பரு இங்கயே நின்னுச்சு. சொருகிப் பாத்தேன், லொடலொடன்னு இருந்துச்சு. அதுதான் ஞாயித்துக்கெழமை வண்டியை உடறப்ப தடிசு ஓரிங் ஒண்ணு போட்டு உடுவேன், என் வாரத்துல அதைக் கழட்டிச் சரியான அளவு போட்டுக்குவேன். திங்கக்கெழமை குப்பையோட டிப்பரு எறங்கிப்போச்சுன்னா, கீழ நீங்கதான நிப்பீங்க.”

ஆறு மாதம், என் முறை வருகிற ஒவ்வொரு ஞாயிறும். நான் அவனைத் திட்டிக்கொண்டு டேப் சுற்றிய அதே வாரங்கள்.

“இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முனையை மாத்தியிருப்பேனேடா. வண்டியை விக்கற வரைக்கும் எதுக்குப் போன?”

அவன் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்க பைப்புலதான் கோளாறுன்னு உங்ககிட்ட வந்து சொல்றதைவிட, வண்டியை விக்கறது லேசுன்னு பட்டுச்சுங்கக்கா.”

நான் அவ்வளவு மோசமாடா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் கத்தித்தான் கேட்டிருப்பேன்.