எங்கள் விலக்கில் நிற்காத எக்ஸ்பிரஸ்

எனக்குப் பஸ் கோட்டி என்று வீட்டில் சொல்வார்கள். கோட்டி என்றால் எங்கள் பக்கம் பைத்தியம். சொல்லிவிட்டுப் போகட்டும். ஊரில் அவனவன் கார் வாங்கி வாசலில் நிறுத்தி, தினமும் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருக்கிறான், அவனை யாரும் கோட்டி என்பதில்லை. எனக்குப் பஸ் பிடிக்கும், அவ்வளவுதான். பிடிக்கும் என்பதால் அதைப் பற்றி அபிப்பிராயங்களும் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிறதே, அந்த சீட் சுத்த ஏமாற்று. ஏறியதும் ஓடிப்போய் அதில் உட்காருவார்கள். தகரத் தடுப்பையும் டிரைவரின் பிடரியையும் தவிர ஒன்றும் தெரியாது. இடது பக்கம், முன்படியை ஒட்டிய ஜன்னல்தான் ராஜா சீட். அருமனைக்குப் போகிற வண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும்போது அந்த ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு தூங்குகிறவர்களைக் கண்டால் எழுப்பி விடலாமா என்று இருக்கும். திற்பரப்பிலிருந்து திரும்பும் வண்டியில் அருவியில் குளித்தவர்கள் ஈரத் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டிக் காயப்போடுவார்கள். யாரோ ஒருவரின் துண்டு வழிநெடுக என் முகத்தில் அடித்திருக்கிறது. அதையும் பொறுத்துக்கொள்வேன். நிற்காமல் போகிற பஸ்ஸை மட்டும் பொறுக்க மாட்டேன். ஓடுவதற்கு லாரி போதுமே. நின்று ஆளை ஏற்றுவதற்குத்தானே பஸ்!

பூதப்பாண்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரியும். அந்த விலக்கில் இப்போது வண்டி நிற்கிறது. அது தானாக நின்றதல்ல.

துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. எனக்கு வடசேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. சுகர் பார்க்க வருகிறவர்கள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ரத்தம் எடுப்பது நான்தான். மலையடிவாரத்திலிருந்து பூதப்பாண்டி வழியாக வரும் முதல் வண்டியைப் பிடித்தால் சரியாகப் போய்ச் சேருவேன். அதை விட்டால் அடுத்தது வருவதற்குள் லேபில் சண்டையே நடந்து முடிந்துவிடும்.

நான் வேலைக்குப் போவதில் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. அப்பாவுக்கு வயல் உண்டு, மாடு உண்டு, நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை அதைவிட நிறைய உண்டு. துபாயிலிருந்து அண்ணன் போனில் சிரிப்பான்.

"இங்க மெட்ரோன்னு ஒண்ணு விட்டிருக்கான் கேட்டியா? டிரைவரே கெடையாது. தானா வரும், தானா கதவு தெறக்கும். நீ என்னன்னா அந்த ஓட்ட வண்டியில தொங்கிட்டுக் கெடக்க."

"டிரைவர் இல்லாத வண்டியில நிறுத்தாமப் போனா யாருகிட்டண்ணே சண்ட போடுவ?" என்றேன்.

பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நானும் மெட்ரோவில் ஏறினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. ஏற ஒரு ஆள் இல்லாத ஸ்டேஷனில்கூட மரியாதையாக நின்று, கதவைத் திறந்து, மூடிவிட்டுப் போனது. கூட வந்தவர்கள் ஏசியைப் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அந்த லேப் நாட்களில் எங்கள் வண்டி ஒரு திங்கட்கிழமை காலை நெற்றியில் 'எக்ஸ்பிரஸ்' என்று போர்டு மாட்டிக்கொண்டு வந்தது. வண்டி அதேதான். அதே கிழிந்த சீட், அதே கடகடப்பு. போர்டு மட்டும் புதுசு. கையைக் காட்டிக்கொண்டு நின்ற எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. எக்ஸ்பிரஸுக்கு எங்கள் விலக்கில் ஸ்டாப் கிடையாதாம். இதைச் சொல்லக்கூட ஒருவரும் வரவில்லை, புழுதிதான் சொன்னது.

முதல் வண்டிக்கு நிற்பவர்கள் நானும் முந்திரி ஆலைக்குப் போகிற நாலைந்து அக்காமாரும். அவர்களில் ஒரு அக்காவின் தொண்டை கோயில் ஸ்பீக்கரைத் தோற்கடிக்கும். அவள் வண்டியின் பின்னாலேயே ஓடி, "ஏலே, உன் வண்டி வெளங்குமா?" என்று கத்துவாள். வண்டி விளங்காவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருந்தது. அடுத்த வண்டிக்கும் அதே போர்டுதான். அதற்கும் பிந்தி வரும் சாதா வண்டியைப் பிடித்து நான் தாமதமாகப் போக ஆரம்பித்தேன். லேப் நடத்தும் அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு வாயைத் திறந்தே சொன்னார்: "வயசானவங்க பட்டினியா உக்காந்திருக்காங்கம்மா. இனியும் லேட்டானா நான் டவுனுக்குள்ள இருக்க பிள்ளையப் பாத்துக்கிடுகேன்."

அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. "பஸ்ஸே ஒன்ன வேண்டாம்னு சொல்லியாச்சு. பின்ன என்னத்துக்கு இந்த எடுப்பு? பேசாம வீட்டுல இரி" என்றார். வீட்டில் இருந்தால் அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வேலையை நான் செய்வதாக இல்லை.

அப்போதுதான் கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்பு வந்தது. நாஞ்சில் நாட்டில் அறுப்புக் காலத்தில் ரோடு அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை, வைக்கோலுக்குச் சொந்தம். போரடித்து முடித்ததும் எல்லோரும் தார் ரோட்டில் பரத்திக் காயப்போட்டுவிடுவார்கள். எந்தக் கொம்பன் டிரைவரும் அதன் மேல் வேகமாகப் போக மாட்டான். சக்கரம் வழுக்கும், வைக்கோல் அடியில் சுற்றிக்கொள்ளும், சூடு பட்டால் தீயும் பிடிக்கும். எக்ஸ்பிரஸ் எங்கள் விலக்கில் கட்டைவண்டி மாதிரி ஊர்ந்தது. அந்த ஸ்பீக்கர் தொண்டை அக்கா கம்பியைப் பிடித்து ஏறினாள். பின்னாலேயே நாங்களும் ஏறினோம்.

"எறங்கு எறங்கு! இங்க ஸ்டாப் கெடையாது" என்று கண்டக்டர் குதித்தார்.

"எறங்குகோம் அண்ணாச்சி. வண்டிய நிறுத்தும்."

"நிறுத்த முடியாது. ஸ்டாப் இல்லன்னு சொல்லுகேன்லா?"

"ஸ்டாப் இல்லாத எடத்துல எங்கள எப்பிடி எறக்குவீரு? நிறுத்தினா அது ஸ்டாப்புல்லா!" என்றாள் அக்கா.

பஸ் முழுவதும் சிரித்தது. டிரைவர்கூடச் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். அறுப்பு முடிகிறவரை நாங்கள் மகாராணிகள்.

ஆனால் அறுப்பு முடியத்தானே செய்யும். ரோடு மறுபடி கறுப்பாக, மொட்டையாகக் கிடந்தது. வண்டி மறுபடி பறந்தது. லேப் அம்மா, "நாளைக்கு ஒருநாள் பாப்பேன்" என்று சொன்ன அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நான் ஜன்னல் வழியே எங்கள் வீட்டு வைக்கோல் படப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு அடுத்த அறுப்புவரை வேண்டிய தீனி அது. அதில் கை வைத்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். உரிக்கட்டும் என்று நினைத்தேன்.

விடிவதற்குள் மழை விட்டிருந்தது. அப்பா வயலைப் பார்க்கப் போனதும் நானும் முந்திரி ஆலை அக்காவும் ஆளுக்கொரு கட்டாகத் தலையில் சுமந்துகொண்டு விலக்குக்குப் போனோம். ஒரு கட்டைப் பிரித்து ரோட்டின் குறுக்கே பரத்தினோம். இன்னொரு கட்டை ஓரத்தில் போட்டோம். அது அடுத்த எக்ஸ்பிரஸுக்கு. அதில் போகவேண்டிய ஜவுளிக்கடைப் பிள்ளைகள் இரண்டு பேர் எங்களைப் போலவே புழுதி தின்றுகொண்டிருந்தார்கள். ரோட்டில் வைக்கோல் போடுவது தப்பில்லையா என்று இப்போது கேட்பீர்கள். தப்புதான். போர்டை மாற்றி மாட்டிவிட்டு ஒரு ஊரையே கடந்துபோவது மட்டும் புண்ணியமா?

வண்டிக்கு முன்னால் அப்பா வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கையில் மண்வெட்டி, முழங்கால்வரை சேறு.

"மாட்டுக்கு வச்சிருக்க வைக்கலக் கொண்டு ரோட்டுலயா கொட்டுக? கோட்டி முத்திப் போச்சா ஒனக்கு? ஊரு சிரிக்கப் போவுது. அள்ளுட்டி எல்லாத்தையும்! இன்னையோட தீந்துது ஒனக்க வேல!"

"அள்ள மாட்டேன்" என்றேன். அப்பாவிடம் அந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதில்லை.  அள்ளவும் இல்லை.

அதற்குள் எக்ஸ்பிரஸ் வந்து ஊர்ந்து நின்றேவிட்டது. கண்டக்டர் குதித்து இறங்கினார். வைக்கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அறுப்பு முடிஞ்ச பெறவு இது என்ன வைக்கல்? ஏட்டி, ஒனக்க வேலதானே? பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு திமிரா? போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தாத் தெரியும்!"

அப்பா மண்வெட்டியைக் கீழே ஊன்றினார்.

"யாருவே அது எனக்க மகள ஏட்டின்னு கூப்பிடுகது?"

கண்டக்டர் அப்போதுதான் அப்பாவைக் கவனித்தார்.

"வைக்கல் எனக்குள்ளது. நான்தான் போட்டேன். நேத்தைக்கு மழையில நனஞ்சுது, காயப் போட்டிருக்கேன். அதுக்கு உம்மகிட்ட டிக்கெட் எடுக்கணுமோ?"

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்ப் படியில் ஏறினார். அக்கா ஏற்கெனவே ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் ரோட்டில் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"என்னத்தப் பாத்துட்டு நிக்க? வண்டி நிக்குல்லா, ஏறு."

ஏறினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. வண்டி வைக்கோலைத் தாண்டும்வரை மெதுவாகப் போனது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அப்பா மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, ஓரத்தில் கிடந்த இன்னொரு கட்டை ரோட்டுக்கு இழுத்துப்போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்.