அத்தானின் யப்பான் சண்டைப் படங்கள்

கனடாவில், அஜின்கோர்ட்டில் அக்கா வீட்டு வரவேற்பறைச் சுவரில் மூன்று யப்பானியப் படங்கள் தொங்கின. பலகையில் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றியெடுத்த பழங்காலத்து அச்சுகள். பனி, புகை, வாளை ஓங்கியபடி ஓர் அதிகாரி, அவன் காலடியில் விழுந்து கிடக்கும் சிப்பாய்கள். பழைய சாமான் கடையொன்றில் அத்தான் வாங்கி வந்தவை. சண்டைக்குத் தப்பி இவ்வளவு தூரம் ஓடிவந்த மனிசன், காசு கொடுத்துச் சண்டையை வாங்கி வருவாரா? எனக்கென்றால் விளங்கவேயில்லை.

“பாரதப் போர்ப் படமே வீட்டில கொழுவக்கூடாது எண்டுறவை. உதுகள் தொங்கிற வீட்டுக்கு அவன் எப்பிடி வருவான்?” என்று அக்கா பொரிந்து தள்ளுவார். அத்தானின் தம்பியைத்தான் சொல்வார். தாயில்லாத அவனைத் தன் பிள்ளையாக வளர்த்தவர் அக்கா. ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். அப்போது அங்கே அகப்பட்டிருந்த அத்தான், தேடியும் கிடைக்கவில்லை என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். செத்தவனுக்குத்தானே திவசம்! அக்கா ஆண்டுதோறும் அவனுடைய பிறந்த நட்சத்திரத்தில் அருச்சனை செய்விப்பார். அத்தானும் பக்கத்தில் கைகூப்பி நிற்பார்.

அக்காவின் ஆக்கினை பொறுக்காமல் ஒருநாள் படங்களைக் கழற்றினார். நான் ஏணியைப் பிடித்தேன். இறங்கியவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“இதைக் கீறினவன் சண்டையைக் கண்ணாலயும் கண்டிருக்கமாட்டான், மச்சான். செத்துக் கிடக்கிற எல்லாற்றை காலிலயும் சப்பாத்து இருக்கு, பார். ஆர் விட்டுவைப்பினம்? உயிரோட இருக்கிறவனுக்கெல்லோ அது தேவை.”

அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“தம்பியின்ரையையும் ஆரோ கழட்டிப்போட்டாங்கள். முகத்தில ஒண்டும் மிச்சமில்லை. காலில ஆறு விரல், அதை வச்சுத்தான் மட்டுக்கட்டினன். சப்பாத்தோட கிடந்திருந்தா நானும் உன்ரை அக்காவைப்போல நம்பிக்கொண்டு இருந்திருப்பன். அவவுக்குச் சொல்லிப்போடாதை.”

படங்களை என்னிடமே தந்துவிட்டார். போன மாரியில் அத்தான் காலமானார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், பாவி மனிசன், இதைத் தனியே நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் அருச்சனைக்குப் போய் நின்றாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஆண்டு அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனது நான். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்கா சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

“எனக்கு ஏலாமல் போனாலும் நீ இதை விடக்கூடாது. அவன் வருமட்டும் செய்விக்கோணும். ஓம் எண்டு சொல்லு.”

“ஓம், அக்கா.”