கை படாத இன்ஜின்

அனந்தலக்ஷ்மியிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தது. சிம் கார்டு வாங்கவும், ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் காட்டவும் அது நன்றாகப் பயன்பட்டது. கார் ஓட்டத்தான் வழியில்லை. கணவர் ஜம்பு சாவியைத் தரமாட்டார்.

"கை படாத இன்ஜின் அனந்து. நீ க்ளட்சைப் போட்டு மிதிப்பே" என்பார். எந்த மெக்கானிக்கும் இன்ஜினைப் பிரித்ததில்லை என்று மேலதிகாரி சுந்தரேசன் சத்தியம் செய்து விற்ற கார் அது. டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இந்தப் பெருமையைக் கேட்டுக் காது புளிக்காதவர் பால்காரர் ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.

ஜனவரியில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறைய ஆரம்பித்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒழுகாமல் குறைகிறதென்றால் எவனோ திருடுகிறான் என்று ஜம்பு முடிவுகட்டினார். செக்‌ஷன் ஆபீசர் அல்லவா, சந்தேகம் முதலில் ஆள்மேல்தான் வரும். பானெட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டிய பூட்டுக்குள்ளேயே கூலன்ட் குறைந்தது.

பின்னால் வெள்ளைப் புகை வந்தது. டெல்லிக் குளிரில் எந்த வண்டிதான் புகைவிடவில்லை என்றார். ஹீட்டர் அவள் காலடியில் சில்லென்று ஊதியது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒருநாள் அவர் ஆயில் மூடியைத் திறந்தபோது, உள்பக்கம் பால்காபி நிறத்தில் ஏதோ அப்பியிருந்ததை அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. மெக்கானிக்கிட்ட காட்டுங்கோ."

"காட்டினா பிரிச்சுடுவான்."

மூடியை அவசரமாகத் திருகினார். இவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

மே மாதம் லோதி ரோடில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பட்டுப்புடவையில் அவள், பாதி வழியில் கார், வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. சூடு காட்டும் முள் ஏறியது. ஜம்பு ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டார். இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டால் முள் இறங்கும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். ஜனவரியில் மக்கர் செய்த ஹீட்டர், காலையில் கூலன்ட் நிரப்பியிருந்ததால், அமோகமாக ஊதியது. முள் இறங்கியது.

அனந்தலக்ஷ்மியும் இறங்கினாள்.

"இன்ஜினப் பிரிக்கற வரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்."

பின்னாலேயே ஏசி பஸ் வந்தது. பெண்களுக்கு இலவசம். குளுகுளுவென்று போய்ச் சேர்ந்தாள். சட்டை சொட்டச் சொட்ட வந்த ஜம்புவிடம், வெளியே மழையா என்று கல்யாணப் பெண்ணின் அப்பா கேட்டார். மறுநாள் அவள் ஆட்டோவில் பின்தொடர, கார் மெக்கானிக் பெரியண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது.

"ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார், இன்ஜினுக்கும் மேல மூடியிருக்குற ஹெட்டுக்கும் நடுவுல கசியாம அடைக்குற தகடு. கூலன்ட் இன்ஜினுக்குள்ளயே எரிஞ்சு பொகையாப் போவுது. திருடனுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் பெரியண்ணன். பிரிப்பதைப் பார்க்க மனமில்லாமல் ஜம்பு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெரியண்ணன் ஹெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாரு சார் கை படலைன்னது? டூப்ளிகேட் கேஸ்கெட் போட்டு, சுத்தி கோந்து அப்பி வெச்சிருக்கான். முன்னாலயே பிரிச்சு, ஒப்பேத்தி மூடி, உங்க தலையில கட்டிட்டாங்க."

"சுந்தரேசன் சார்..." என்று ஜம்பு ஆரம்பித்தார். முகம் சுண்டிப்போயிற்று. அனந்தலக்ஷ்மிக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வண்டி தயாரானதும் இருவரும் எடுத்துவரப் போனார்கள். பழக்கதோஷத்தில் ஜம்பு ஸ்டியரிங் பக்கம் நடந்தார். அவள் குறுக்கே நின்று கையை நீட்டினாள்.

"ஏன்னா, இனிமே என்ன பயம்? அதான் யார் யாரோ கை வெச்சாச்சே."

சாவி வந்தது. கிளம்பும்போது வண்டி இரண்டு குதி குதித்தது. ஜம்பு வாயைத் திறந்தார். அவள் ஹீட்டர் திருகின்மேல் கையை வைத்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.