சகோதரி எதிர்பார்க்கிறார்

துறைமுக வேலைத்தளத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவனுக்கு நாற்பத்தொரு வயது. இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் லிங்கநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். பத்திரிகையில் மூன்று தடவை விளம்பரம் போட்டும் ஒன்றும் சரிவராததால், இந்த வருடம் கைபேசியோடு வந்து நின்றான். உலகம் முழுக்க ஆட்கள் துணை தேடுகிற தளம் ஒன்றில் சேரப்போகிறானாம். தன்னைப் பற்றிப் பகிடியாக நாலு வரி எழுதவேண்டுமாம்.

"அக்கா, என்னைப் பற்றி நானே எழுத ஏலாது. நீங்கள்தான் எழுதித் தரவேணும்," என்றான் என் மனைவியிடம்.

அவன் கேட்டதில் பிழையில்லை. எங்கள் ஊரில் யார் தன்னைப் பற்றித் தானே எழுதுகிறான்? மணமகளைத் தாய் எதிர்பார்க்கிறார், சகோதரி எதிர்பார்க்கிறார் என்றுதான் விளம்பரம் வரும். அரச உத்தியோகம், நற்குணம், மது இல்லை, புகை இல்லை. அதையெல்லாம் நம்பினால் திருகோணமலையில் ஒரு சாராயக் கடையும் ஓடக்கூடாது. கனடாக்காரர் முதலில் குடியுரிமையைச் சொல்வார்கள், பிறகு வீட்டைச் சொல்வார்கள், ஆளைப் பற்றிச் சொல்ல இடம் மிஞ்சாது. அந்தத் தளத்திலோ ஒரு ஜெர்மன்காரி, "குறட்டை விடுவேன், என் சமையலை நாயும் தின்னாது, பசி வந்தால் பொல்லாதவள்" என்று தானே எழுதியிருந்தாள். மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மனைவி குசினி மேசையில் இருந்து கால் மணித்தியாலம் எழுதினாள். பிறகு வாசித்தாள்.

"மீன்முள்ளைப் பீங்கான் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் எழும்புவான். பகிடி சொல்ல வெளிக்கிட்டால் முடிக்க முதலே தான் சிரித்துவிடுவான். முடிவை இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஊரார் சைக்கிளுக்கெல்லாம் பிரேக் பூட்டிக் கொடுப்பான், தன் சைக்கிளைக் காலால் நிறுத்துவான்."

அவன் வெட்கப்பட்டு நிலத்தைப் பார்த்தான்.

பதினொரு வருடம் பக்கத்தில் இருந்த எனக்கே அந்த முள் வரிசை தெரியாது. இவள் எப்போது பார்த்தாள்? எந்தச் சகோதரி ஐயா முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? பொறாமைதான், வேறென்ன! நானும் இந்த வீட்டில் பத்தொன்பது வருடமாக மீன்தான் தின்கிறேன். அடுத்த நாள் நானும் முள்ளை அடுக்கிவைத்தேன், அவனுடையதைவிட நேராக. அவள் முள்ளைக் கொட்டிவிட்டுப் பீங்கானைக் கழுவினாள்.

அந்த வரிகளை அவன் ஆங்கிலத்தில் மாற்றித் தளத்தில் போட, இரண்டு கிழமையில் நோர்வேக்காரி ஒருத்தி பதில் போட்டாள். அந்தப் பகிடியின் முடிவைக் கேட்கும்வரை தான் விடப்போவதில்லையாம். அவன் பெரிய பாரை மீன் ஒன்றோடு ஓடிவந்து, "எல்லாம் அக்காவின்ரை எழுத்துத்தான், அண்ணை!" என்று துள்ளினான். மீனை வாங்கிக்கொண்டேன், சிரிப்பு வரவில்லை.

அவன் போனதும் ஒரு தாளையும் பேனையையும் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"எனக்கும் ஒண்டு எழுதும்."

"என்னத்தை?"

"அவனுக்கு எழுதின மாதிரி."

"உங்களுக்கென்ன விசரே?" என்று சிரிக்கத் தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பேனையை எடுத்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பேனையை மூடிவைத்தாள்.

"தம்பியை ஒருத்தியிட்டைக் குடுக்கவேணும் எண்டுதான் எழுதினனான். உங்களை ஆரிட்டைக் குடுக்கிறதுக்கு நான் எழுத?"

அவள் மீன் வெட்ட எழும்பிப் போய்விட்டாள். நான் கதிரையில் இருந்தபடி அந்த வெறுந்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எண்டாலும், ஒரு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பாள்?